கிரானைட்டா, குவார்ட்ஸா? கிச்சனை மாற்றும் முன் சிங்க்குக்குக் கீழே ஒருமுறை பாருங்க!

கிச்சனைப் புதுப்பிக்கலாம் என்று பேச்சு எடுத்ததும் வீட்டில் முதல் விவாதமே மேடைக் கல்லைப் பற்றித்தான். கறுப்பு கிரானைட்டா, வெள்ளை குவார்ட்ஸா? ஆனால் ரெண்டு மூணு வருஷத்தில் முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் கல் இல்லை. சிங்க்குக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கேபினெட்தான்.

கல்லில் என்ன வித்தியாசம்?

கிரானைட் பூமியிலிருந்து வெட்டி எடுப்பது. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமே கிடைக்கிறது. கடையில் குவார்ட்ஸ் என்று விற்பது ஃபேக்டரியில் செய்வது. குவார்ட்ஸ் தூளோடு ரெசின் எனும் பிசினைக் கலந்து அழுத்தித் தயாரிக்கிறார்கள். அதனால் எண்ணெய், டீ அதில் எளிதில் ஊறாது. ஆனால் ரெசினுக்கு அதிக சூடு ஆகாது. தாளித்த கடாயை அப்படியே இறக்கி வைத்தால் வட்டமாகத் தடம் விழலாம். அதைத் தேய்த்து எடுக்க முடியாது. நம்ம ஊர் சமையலுக்கு அடர் நிற கிரானைட்தான் கவலை இல்லாத தேர்வு. வெள்ளை நிறமே வேணும் என்றால் மஞ்சள்தூள் சிந்தியதும் துடைக்கும் பழக்கமும் வேணும்.

கடப்பா கல், மார்பிள் இரண்டுக்கும் எலுமிச்சை, புளி ஆகாது. பட்ட இடம் பளபளப்பு இழந்துவிடும். பாத்ரூமில் மார்பிள் போட்டுவிட்டு ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் இதே கதைதான்.

பிளைவுட்டில்தான் ஏமாற்றம்

மாடுலர் கிச்சன் கொட்டேஷனில் வெறும் 'பிளைவுட்' என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். 'எம்.ஆர்.' என்ற கமர்ஷியல் பிளை ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. 'பி.டபிள்யூ.ஆர்.' அதைவிட மேல். இந்த இரண்டும் ஐ.எஸ். 303 தரத்தில் வருபவை. மரைன் பிளை என்பது ஐ.எஸ். 710, கடையில் '710 பிளை' என்றாலே புரியும். எல்லா இடத்துக்கும் 710 தேவையில்லை. சிங்க் பகுதிக்கும் கீழ் வரிசைக்கும் அதைப் போட்டு, மேல் அலமாரிக்கு பி.டபிள்யூ.ஆர். போட்டால் செலவு குறையும்.

பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். ஒரு துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் கொதிக்கும் தண்ணீரில் சில மணி நேரம் போட்டுப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அது 710 இல்லை. துண்டு தரத் தயங்கும் கடையை விட்டு நகர்வதே நல்லது!

நல்ல பிளையும் வெட்டிய ஓரத்தில்தான் தண்ணீர் குடிக்கும். சிங்க் பைப்புக்குப் போட்ட ஓட்டை, பின்பக்கம், அடிப்பக்கம் என எல்லா ஓரமும் அடைத்திருக்கிறதா என்று பணம் முழுசாகக் கொடுக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே மைக்கா பளபளப்பாக இருந்தால் மட்டும் போதாது.

இன்னொரு வழியும் உண்டு. பழைய வீடுகளில் மேடையைத் தாங்குவது செங்கல் சுவர், தட்டுக்குக் கடப்பா கல். சிங்க்குக்குக் கீழே மட்டும் அதை அப்படியே விட்டு, கதவை மட்டும் புதுசாக மாட்டலாம். ஊறினாலும், கரையான் வந்தாலும் கதவோடு போச்சு. பாத்ரூம் வாஷ்பேசின் அடியில் பி.வி.சி. பலகை போதும்.

கல் வெட்டும் தூசி

குவார்ட்ஸ் பலகையைத் தயாரிக்கவும், விற்கவும், பொருத்தவும் 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா தடை விதித்தது. காரணம், அதை வெட்டும் தொழிலாளர்களுக்கு வந்த சிலிகோசிஸ் எனும் நுரையீரல் நோய். அந்த நோயை முழுசாகக் குணப்படுத்த மருந்து இல்லை. பொருத்திய கல்லால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லை. உலர்வாக வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசிதான் பிரச்னை. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டால் இந்தத் தூசி நிற்காது.

எனவே சிங்க், அடுப்பு மாடலை முன்கூட்டியே வாங்கி, அளவைக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் விட்டு அங்கேயே வெட்டி வரட்டும். ஹாலில் உட்கார்ந்து கட்டர் ஓட்ட வேண்டிய வேலை பெரும்பாலும் மிச்சமாகாது.