வேலை குறைந்தது, கோப்பை குறையவில்லை

எமது கிராமங்களில் ஒரு தலைமுறைக்குள் எத்தனை வேலைகள் எம் கைகளை விட்டுப் போயின என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். துலா மிதித்து இறைத்த தோட்டத்துக்கு இன்று பம்பி இறைக்கிறது. உரலில் இடித்த மாவை ஆலை திரித்துத் தருகிறது. அம்மியில் அரைத்த சம்பலைக் கிறைண்டர் அரைக்கிறது. நாட்கணக்காக அரிவு வெட்டிச் சூடடித்த வயலை இயந்திரம் ஒரு காலைப்பொழுதில் முடித்து நெல்லை மூட்டையாக்குகிறது. 2009இல் யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பின்னர் லீசிங் கம்பனிகள் வடக்கின் வாசல்களுக்கே வந்தன. சைக்கிள் நின்ற முற்றத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கூப்பிடு தூரத்திலுள்ள சந்திக் கடைக்குப் பாண் வாங்கவும் அதை உதைத்துக்கொண்டுதான் போகிறோம்.

இந்த வசதிகளைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. பழைய காலத்தைப் போற்றி மேடையில் பேசுவோரில் பலர் ஒருநாளும் உலக்கை பிடித்தவர்கள் அல்லர். அந்த வேலைகளில் பெரும்பகுதி பெண்களின் தோளிலும் முதுகிலும் இருந்தது. அவர்களை மீண்டும் உரலடிக்கு அனுப்புவது எவருக்கும் அபிவிருத்தி ஆகாது. 1990களில் எரிபொருள் வராத வடக்கில் எல்லோரும் சைக்கிள் மிதித்து மெலிந்திருந்தோம். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோதும் சைக்கிள்கள் பரணிலிருந்து இறங்கின. அந்த மெலிவு பஞ்சத்தின் மெலிவு. அதற்காக எவரும் ஏங்கத் தேவையில்லை.

ஆனால் ஒரு கணக்கை நாம் பார்க்க மறந்துவிட்டோம். காலை முதல் மாலைவரை மண்வெட்டி பிடிக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,000 கலோரி தேவைப்படலாம். கதிரையில் இருந்து கடை பார்க்கும் அவருடைய மகனுக்கு 2,000 அளவில் போதும். தகப்பன் சாப்பிட்ட அதே கோப்பையில், அதே குவியலாகச் சோற்றை மகனுக்கும் போடுகிறோம். அது அன்பின் அளவாகவும் இருப்பதால் குறைத்துப் போடத் தாய்க்கு மனம் வருவதில்லை. உடம்பு மிகுதியை வீணாக்காது; கொழுப்பாகச் சேமித்து வைக்கிறது. ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்சினால் ஒரு கிலோ கொழுப்பு.

இது பணக்காரரின் நோய் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 2005, 2006 காலப்பகுதியில் வடக்கு கிழக்கு நீங்கலாக ஏழு மாகாணங்களில் நடத்தப்பட்ட ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. நகரங்களில் 16.4 வீதம். கிராமங்களில் 8.7 வீதம். தென்னாசியராகிய எமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பார்வைக்கு ஒல்லியாக இருப்பவரின் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு சேர்ந்திருக்கும். ஆகவேதான் கிலோகிராம் நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடற்றிணிவுச் சுட்டி 25ஐத் தாண்டினால் அதிக நிறை என்று பொதுவாகக் கொள்ளப்பட்டாலும், ஆசிய மக்கள் 23இலேயே விழித்துக்கொள்ள வேண்டுமென 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சுட்டிக்காட்டினர். தராசு இல்லாத வீட்டில் தையல் நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் கவனம் தேவை.

எங்கிருந்து தொடங்குவது? தேநீரிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ஒரு கோப்பைத் தேநீருக்கு இரண்டு கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து தேநீர் என்றால் பத்துக் கரண்டி. அது ஏறக்குறைய 50 கிராம், 200 கலோரி. 2,000 கலோரி தேவையுள்ள ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த நாளாந்த உச்ச எல்லை அந்த 50 கிராம்தான். 25 கிராமுக்குள் நிற்பது இன்னும் நல்லது என்றும் அது சொல்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் தந்த பிஸ்கட்டும் சோடாவும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. அந்த 200 கலோரியை நடந்து கழிக்க வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டும். இரண்டு கரண்டியை ஒன்றாக்குங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். மென்பானப் போத்தல்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு இருக்கிறது. சிவப்பு என்றால் சீனி அதிகம். பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் அவர்களே எம்மைத் திருத்துவார்கள்.

எம்மிடையே உலவும் சில தவறான நம்பிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். பனங்கட்டி சீனியல்ல, எவ்வளவும் கடிக்கலாம் என்பது அதில் ஒன்று. பனங்கட்டியிலும் பெரும்பகுதி சீனிச்சத்தே. குரக்கன் பிட்டு சலரோகத்துக்கு நல்லது என்று ஒரு நீத்துப்பெட்டி முழுவதையும் சாப்பிடுவோர் உண்டு. சிவப்புப் பச்சையரிசியிலும் குரக்கனிலும் நார்ச்சத்து கூட இருப்பது உண்மை. கலோரி வெள்ளையரிசியிலிருந்து பெரிதாகக் குறைவதில்லை. அளவுதான் முக்கியம்.

ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்று விளம்பரப்படுத்தும் மாவையும் தேயிலையையும் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். பட்டினி கிடந்தாலும் அப்படித்தான்: முதல் வாரத்தில் இறங்கும் நிறையில் பெரும்பகுதி தண்ணீர். பிறகு தசையும் கரையும், சாப்பிடத் தொடங்கியதும் நிறை திரும்பி வந்துவிடும். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் அது நல்ல வேகம். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த 3,234 பேரில் ஒரு பகுதியினருக்கு உடல் நிறையில் 7 வீதத்தைக் குறைக்கவும் வாரத்தில் 150 நிமிடம் நடக்கவும் பயிற்சியளித்தனர். மற்றவர்களோடு ஒப்பிடுகையில் அவர்களுக்கு நோய் வருவது 58 வீதம் குறைந்தது. 80 கிலோ உள்ள ஒருவருக்கு 7 வீதம் என்பது ஐந்து, ஆறு கிலோதான். இந்தியாவில் 2006இல் வெளியான இதேபோன்ற ஆய்வில் நிறை பெரிதாக இறங்காதவர்களுக்கும் நன்மை கிடைத்தது. ஆகவே தராசின் முள் அசையவில்லையென்று மனம் தளர வேண்டாம்.

கோப்பையில் பாதியை மரக்கறியும் கீரையும் நிரப்பட்டும். கால்வாசி சோறு, மற்றக் கால்வாசி மீன் அல்லது பருப்பு, பயறு, கௌபி. முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் வேலியிலும் கிணற்றடியிலும் கிடைப்பவை. பணம் ஒரு தடையல்ல. தேங்காய்ப்பூவை அளந்து போடுங்கள். இடியப்பத்தோடு பாணும் வைப்பது விருந்துபசாரம் ஆகாது. கிளினிக்கில் இந்த அறிவுரையைக் கேட்டு வருபவர் பெரும்பாலும் கணவர், அடுப்படியில் நிற்பவர் மனைவி. இருவரும் சேர்ந்து கிளினிக்குக்குப் போவதே முறை. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச்சமையல் என்பது ஒரு வாரத்துக்கு மேல் நடக்காது. எல்லோரும் ஒரே சமையலைச் சாப்பிடுங்கள்.

நடப்பதுதான் பெண்களுக்குக் கடினமான பகுதி. ஓர் ஆண் மாலையில் வீதியால் நடந்தால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பெண் கைவீசி நடந்தால் “எங்கை அக்கா இந்த நேரத்திலை?” என்று நாலு வேலியால் கேள்வி வரும். உரலும் கிணற்றடியும் விடுவித்த அதே பெண்களுக்கு உடம்பை அசைக்க ஊர் இடம் கொடுக்கவில்லை. மாதர் சங்கங்கள் கடன் திட்டங்களோடு இதையும் கையிலெடுக்கலாம். ஐந்தாறு பேராகச் சேர்ந்து, வெயில் தணிந்த பிறகு, அரை மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாட்கள். பள்ளிக்கூட மைதானத்தை அந்த நேரத்தில் திறந்துவிடும்படி அதிபரிடம் கேட்கலாம். முதல் வாரம் சந்தியில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்குமுன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அல்லது சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கி மயக்கம் வரலாம். நடக்கப் போகும்போது ஒரு இனிப்பைக் கையில் வைத்திருப்பது நல்லது. பாதத்தில் விறைப்பு உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. திரும்பி வந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் காயமோ கொப்புளமோ இருக்கிறதா என்று பாருங்கள். கண் மங்கலானவர்களுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம்.