புலனும் விளையாட்டும் கற்றலும்: குயிலாப்பாளையச் சூழலை முன்வைத்து

முன்னுரை

கற்றல் மனத்தின் பணி, விளையாட்டு அப்பணியின் இடையே பெறும் ஓய்வு எனப் பிரித்துக் காணும் வழக்கம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. புலன்நுகர்வும் விளையாட்டும் அறிதலின் உறுப்புகளே என்பதைத் தொல்காப்பியத்தின் துணைகொண்டும், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துக் குயிலாப்பாளையத்தின் கல்விச் சூழலைக் கொண்டும் இக்கட்டுரை விளக்குகிறது.

தொல்காப்பிய நோக்கு

மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுக்கிறது. உடம்பால் அறிதலில் தொடங்கி நா, மூக்கு, கண், செவி, மனம் என அவ்வரிசை வளர்கிறது. ஒவ்வொரு படியிலும் முன்னைய அறிவு 'ஒடு' உருபால் இணைக்கப்பெறுவது கருதத்தக்கது. மனவறிவு ஏனைய ஐந்தையும் விலக்கி வருவதன்று. அவற்றோடு கூடி இயங்குவது.

மெய்ப்பாட்டியல் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கையும் துன்பம் நீங்கிய உவகையின் நிலைக்களன்களாகச் சுட்டுகிறது. உரைமரபில் 'புலன்' என்பதற்குக் கல்வியால் பெறும் அறிவுடைமை எனவும் பொருள் உண்டு. ஆகவே அறிவும் விளையாட்டும் ஒரே உவகையின் இரு ஊற்றுகளாகின்றன.

குயிலாப்பாளையச் சூழல்

1910-இல் 'கர்மயோகின்' இதழில் தேசியக் கல்வி குறித்து எழுதிய ஸ்ரீ அரவிந்தரும் மனத்தை ஆறாம் புலனாக எண்ணினார்; பயன்படுத்தப்படாமையால் புலன்கள் குன்றிவிடாமல் காப்பதைக் கல்வியாளரின் முதற்கடமையாக்கினார். அவர் சிந்தனைவழிப் பிறந்த ஆரோவில், 1968 பிப்ரவரி 28 அன்று இவ்வூரை ஒட்டித் தொடங்கப்பெற்றது. அங்கு 2003-இல் தோன்றிய 'ஸ்வரம்' இசைக்கருவிப் பட்டறை, சுற்றுச் சிற்றூர்களின் இளைஞர்களைக் கருவி செய்வோராகப் பயிற்றியது.

கருவி செய்தலில் கற்றல் நிகழும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். இழுத்துக் கட்டிய கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்காகிறது. சுருதி ஒரு ஸ்தாயி உயர்கிறது. தட்டி ஒலிக்கும் உலோகக் குழாயைப் பாதியாக்கினாலோ அதிர்வெண் ஏறத்தாழ நான்கு மடங்காகி, சுருதி இரு ஸ்தாயி உயர்கிறது. இவ்வேறுபாட்டைச் செவி முதலில் அறிகிறது. கை மீண்டும் அறுத்துச் சோதிக்கிறது. பின்னரே மனம் அதனை விதியாக்குகிறது. தவறாக அறுத்த குழாய் தண்டனைக்கு உரியதன்று. அது வேறொரு சுருதிக்கு உரியது. படைப்பாற்றல் முளைப்பது இவ்வச்சமற்ற நிலையிலேயே.

பரவலாக்கத்தின் தேவை

இத்தகைய வாய்ப்பு சில பள்ளிகளுக்கே உரியதாகி, அண்டை ஊர்ப் பிள்ளைகள் மனப்பாடத்திற்கே விடப்படுமாயின் அது கல்விச் சமனின்மையாகும். தமிழகத்தில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. அட்டைகளை வரிசையாக முடித்தலே நோக்கமாகும் இடத்தில் செயல்வழிக் கற்றலும் சடங்காகிவிடும். விலைமிக்க கருவிகள் இன்றியமையாதன அல்ல: பல்லாங்குழியில் எண்ணும் பங்கீடும் உள்ளன, செம்மண்ணைக் குழைக்கும் கையில் அளவும் வடிவமும் உள்ளன.

முடிவுரை

விளையாட்டைப் பாடம் முடித்ததற்கான பரிசாக வழங்காமல், பாடத்தின் தொடக்கமாக அமைத்தல் வேண்டும். மாணவர் ஒப்பித்ததை மட்டுமன்றி, தொட்டும் கேட்டும் கண்டறிந்ததையும் மதிப்பிடும் முறை உருவாகும்போதே, ஐம்புலன்களோடு கூடிய மனவறிவு என்னும் தொல்காப்பிய நோக்கு வகுப்பறையில் பொருள்பெறும்.