பதிவேட்டில் இல்லாத பெயர்

மக்களின் வழக்குகளைக் காலைமுதல் மாலைவரை தனியே விசாரித்துவந்த மோசேயிடம், அப்பொறுப்பைத் தகுதியானோருடன் பகிர்ந்துகொள்ளுமாறு மாமனார் இத்திரோ அறிவுறுத்தினார் (விப 18). அன்றாடப் பந்தியில் கைம்பெண்கள் சிலர் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தபோது, அப்பணிக்கென எழுவர் நியமிக்கப்பட்டனர் (திப 6). ஒழுங்கும் அன்பின் ஒரு வடிவமே.

திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைப் பங்குத்தந்தையர் பேணுமாறு 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் பணித்தது. அவ்வேடுகளுக்குத் துணையாக இன்று கணினி மென்பொருளும் வந்துள்ளது. எந்த நோயாளிக்கு யார் நற்கருணை கொண்டுசெல்வது, எவ்வீடு இன்னும் சந்திக்கப்படவில்லை என்பவற்றை அது நினைவூட்டும். ஆயினும் பதியப்படாத பெயரை அது அறியாது; எவர் வீட்டுக் கதவையும் அது தட்டாது.

உங்கள் அயலில் தனித்து வாழும் முதியவரின் பெயர் பங்குப் பட்டியலில் உண்டா? பங்குத்தந்தையிடம் கூறுங்கள், அதற்குமுன் நீங்களே சென்று சந்தியுங்கள். நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர்சொல்லியே அழைக்கிறார் (யோவா 10:3).