அத்தை – 7: ரசீது இல்லாத அரிசி

தொழுநோய் மருத்துவமனையில் புண் கட்டப் போவதற்காக அத்தை டீச்சர் வேலையை விட்ட இடத்தில் நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இது போதும், புதிதாக வந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மருத்துவமனைக்குள் நுழைவதாகத்தான் பேச்சு. வழியில் ஒரு தகர டப்பா குறுக்கே வந்துவிட்டது. ‘மேட்டர் எங்கே?’ என்று அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். எனக்கோ டப்பாவை விட்டு நகர மனமில்லை.

அத்தை வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே அது இருக்கும். முந்தைய பிறவியில் பிஸ்கட் டப்பா. உலை வைத்ததும் அரிசியை அளந்து சுளகில் கொட்டுவார். கல் பொறுக்கி முடித்து, களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி டப்பாவில் போடுவார். பானையிலிருந்து அல்ல, சுளகிலிருந்து. இந்த வித்தியாசம் எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை. பானையிலிருந்து எடுத்தால் வீட்டு இருப்பு குறையும், அவ்வளவுதான். சுளகிலிருந்து எடுத்தால் அன்றைக்கு யாருடைய தட்டிலோ சோறு குறையும். யாருடைய தட்டு என்று கேட்கவே வேண்டாம், அத்தைதான் கடைசியில் சாப்பிடுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் ஓலைப்பெட்டியோடு வருவார்கள். டப்பாவைக் கவிழ்ப்பார்கள், ஒரு சின்ன ஜெபம், அடுத்த வீடு. அளப்பதும் கிடையாது, எழுதுவதும் கிடையாது. திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டன்ட் குடும்பங்களில் பிறந்தவர்களுக்குக் கைப்பிடி அரிசியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சேர்ந்ததை விற்றுக் கோயில் காரியங்களுக்கு எடுத்துக்கொள்வார்கள், விற்காமல் ஏழை வீடுகளுக்குக் கொடுப்பதும் உண்டு.

இதெல்லாம் நம் பக்கத்துப் பழக்கம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த வாரம் மிசோரம் பற்றி எதையோ தேடப்போய் ‘புஃபாய் தாம்’ கண்ணில் பட்டது. மிசோ மொழியில் அதற்கு ஒரு பிடி அரிசி என்றுதான் பொருள். அங்கே பிரெஸ்பிடீரியன் சபைப் பெண்கள் 1910-ல் தொடங்கியது. சோறாக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரிக்கிறார்கள், சபை அதை விற்கிறது. இன்றைக்கு அந்த அரிசிப் பணம் வருஷத்துக்குக் கோடிக்கணக்கில். வெளி மாநிலங்களுக்கு அந்தச் சபை அனுப்பும் ஊழியர்களின் செலவுக்கும் இந்தப் பிடி உதவுகிறது. லொரைன், சாவிட்ஜ் என்ற முதல் மிஷனரிகள் இரண்டு பேர் அங்கே போய்ச் சேர்ந்தது 1894 ஜனவரி 11. அந்தத் தேதிக்கு மிசோரத்தில் இன்றும் அரசு விடுமுறை. பதினாறே வருஷத்தில் சுவிசேஷம் அடுப்படிக்குள் போய் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது!

பிறகு வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த மிஷனரிகள்தான் அங்கே பிரெஸ்பிடீரியன் சபையை வளர்த்தார்கள். இதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் மெஞ்ஞானபுரத்தில் 192 அடிக் கோபுரத்தோடு தூய பவுல் ஆலயத்தைக் கட்டிய ஜான் தாமஸ் ஐயரும் வேல்ஸ்காரர்தானே! வேல்ஸில் ஏதோ ஓர் அடுப்படியில் கிளம்பிய பழக்கம் இரண்டு திசைக்கும் போயிருக்குமோ என்று ராத்திரி முழுக்கக் கோட்டை கட்டினேன். விடிந்ததும் அது இடிந்தது. அவர் சபை வேறு, இவர்கள் சபை வேறு, நடுவில் அரை நூற்றாண்டு. அதைவிட முக்கியமாக, வேல்ஸில் யார் தினம் இரண்டு வேளை அரிசி வடிக்கிறார்கள்? எங்கெல்லாம் ஒரு பெண் கையால் அள்ளி உலையில் போடுகிறாளோ அங்கெல்லாம் இது தானாகவே முளைத்துவிடும் போல.

ஒரு பிடி எவ்வளவு இருக்கும் என்று வீட்டில் நிறுத்துப் பார்த்தேன். என் மனைவியின் கைக்கு 40 கிராம். ‘உங்க அத்தை கையும் என் கையும் ஒண்ணா?’ என்று கேட்டாள். கேள்வி நியாயம்தான், இருந்தாலும் இதையே வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு வேளை என்றால் மாதம் 2,400 கிராம். நூறு வீடு இருக்கிற சபையில் மாதம் 240 கிலோ. சம்பளக்காரர் வீடு, பனையேறி வீடு, புருஷனை இழந்தவள் வீடு எல்லாம் கலந்து அந்தப் பெட்டியில் ஒரே அரிசி. புழுங்கலும் பச்சையும் ரேஷனும் கலந்து கிடக்கும் என்பதால் நல்ல விலைக்குப் போகாது, அது வேறு விஷயம்.

அத்தையிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது சிரித்தார். “அரிசியா? எங்க சின்ன வயசுல அரிசிச் சோறு கிறிஸ்மஸுக்கும் அசனத்துக்கும்தாமுல. மத்த நாளு கம்பு, கேப்பை. அதுலதான் பிடி எடுப்பா எங்கம்மை.” அசனம் என்றால் சபை விருந்து. செம்மண் தேரியில் நெல் ஏது? பதநீர்க் காலத்தில் கம்புக்குப் பதில் ஒன்றிரண்டு கருப்பட்டி விழுமாம். பங்குனிக்கு முன்னால், பனை இன்னும் சுரக்காமல், வீட்டில் தானியமும் தீர்ந்து கிடக்கிற வாரங்களில் என்ன போட்டார்கள் என்று கேட்டேன். “பிடி சின்னதாயிரும்” என்றார். பஞ்சத்தில் கடைசி ஒரு பிடி மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்த சாறிபாத் ஊர் விதவையை வைத்து எத்தனையோ ஐயர்மார் மணிக்கணக்கில் பிரசங்கம் பண்ணிக் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு வரியை யாரும் சொல்லவில்லை.

நான் அத்தையைப் பரிசுத்தவாட்டியாக்கிக்கொண்டு போகிறேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருக்கிறார். அவருக்காக ஒன்று. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அத்தையோடு போட்டி போட்டவர்களுக்குத்தான் அவர் சுபாவம் தெரியும். காணிக்கையாக வந்த பூசணி, முருங்கைக்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் கோயில் வாசலில் ஏலத்துக்கு வரும். எலுமிச்சை ஒன்று கடைவிலையைப் போல நூறு மடங்குக்குப் போவது அங்கே சாதாரணம். ஒரு வருஷம் அத்தை கொடுத்த சேவலை யாரும் ஏறிக் கேட்கவில்லை. கிழட்டுச் சேவல், யார் கேட்பார்? ஆண்டவருக்குக் கொடுத்தது அடிமாட்டு விலைக்குப் போவதா என்று தன் சேவலைத் தானே ஏலம் ஏற்றி, தானே எடுத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கு அடுத்த வருஷமும் அதே சேவலைக் கொடுத்தார் என்று என் அப்பா சொல்வார். அத்தை மறுக்கிறார். அப்பா இல்லை, எனவே அத்தை கட்சிதான் ஜெயம்.

ஏலம் எடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள். சங்கக் காணிக்கைக்கு ரசீது உண்டு. சுவரில் பதித்த சலவைக்கல்லில் ஃபேன் கொடுத்தவர், மணி கொடுத்தவர், படிக்கட்டு கட்டிக் கொடுத்தவர் எல்லாரும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். நான் அதைப் பழிக்கவில்லை, மணி வேண்டுமே. ஆனால் நான் பார்த்த எந்தக் கல்லிலும் எந்தச் சபை வரலாற்றுப் புத்தகத்திலும் டப்பாவுக்கு இடம் இல்லை. யார் எவ்வளவு போட்டார், யார் அந்த வாரம் போடவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாதபடி அதை அமைத்திருக்கிறார்கள். பிடி குறைந்த வீட்டின் மானம் அந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. ரசீது போட்டிருந்தால் ஒரே வருஷத்தில் அந்த வழக்கம் செத்திருக்கும் என்பது என் கட்சி.

இதையெல்லாம் நான் எழுதுவது அத்தைக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இதழை லென்ஸ் வைத்து வாசித்துவிட்டுப் போனில் பிடித்துக்கொண்டார். “ஏல மருமவனே, வலக்கை செய்யறது இடக்கைக்குத் தெரியப்பிடாதுன்னு வேதத்துல இருக்கு. நீ ஊருக்கே தமுக்கடிக்கியே, ஒனக்கு வேற சோலி இல்லையால?” பெயரையும் ஊரையும் எங்கேயும் போடவில்லை என்றேன். “சேவலைப் போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிருமே” என்றார். அதாவது சேவல் கதையை நான் எழுதுவேன் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கிறார்.

மருத்துவமனைக்குள் அடுத்த வாரம் கட்டாயம் போய்விடலாம். கொல்லிமலையில் 1914-ல் பிறந்து வேலூருக்கு டாக்டராக வந்த பால் பிராண்ட் அந்தக் கதையில் வருகிறார். வலி தெரியாத காலுக்குத்தான் செருப்பு அதிகம் தேவை என்று பாடம் நடத்தியவர். அத்தை வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிற எம்.சி.ஆர். ரப்பர் துண்டுகளுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்பதில் தொடங்குகிறேன். அதற்குள் அத்தை அவற்றை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும்.

(தொடரும்)