ஏன் எப்போதும் இரண்டு பேர்?

மார்மன் மிஷனரிகளை எந்த நாட்டில் பார்த்தாலும் சட்டென்று அடையாளம் தெரிந்துவிடும். பையன்கள் என்றால் வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு பேட்ஜ். இருபது வயதை ஒட்டிய முகங்கள். அப்புறம், எப்போதும் இரண்டு பேர். எனக்கு இவர்களுடைய இறையியலைவிட இந்த "இரண்டு பேர்" சமாச்சாரம்தான் ரொம்ப நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. போய் வந்தவர்கள் எழுதியதைப் படிக்கப் படிக்க, அந்த வாழ்க்கையின் மொத்த டிசைனும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது என்று தோன்றியது.

முதலில் கொஞ்சம் பின்னணி. தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம் ஊழியம். 2012இல் குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19லிருந்து 18ஆகவும், பெண்களுக்கு 21லிருந்து 19ஆகவும் குறைத்தார்கள். உடனே கூட்டம் அள்ளியது. ஏறக்குறைய 58,000 பேர் இருந்த இடத்தில் இரண்டே வருடத்தில் 80,000க்கு மேல் போய்விட்டது. சம்பளம் கிடையாது. சொல்லப்போனால் குடும்பம்தான் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அமெரிக்கக் குடும்பங்களுக்கு மாதம் 400 டாலராக இருந்தது, 2020இல் 500 ஆனது. பிள்ளை டோக்கியோ போனாலும் மணிலா போனாலும் அதே தொகைதான். எந்த நாடு என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. தலைமையகத்திலிருந்து வரும் கடிதம்தான் சொல்லும். (இப்போது ஆன்லைனில் வருகிறது. குடும்பமே கூடி நின்று பிரித்துப் படிப்பது மட்டும் மாறவில்லை.)

புது மொழி வேண்டுமென்றால் பயிற்சி மையத்தில் சில வாரங்கள். யூட்டாவில் புரோவோவில் இருப்பதுதான் இதில் பிரபலம். அதற்குப் பிறகு நேராகத் தெருவில் இறங்க வேண்டியதுதான்.

பல பத்தாண்டுகளாக இருந்த அட்டவணை இது: காலை 6:30க்கு எழ வேண்டும். அரை மணி உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, வேதப் படிப்பு, இருவரும் சேர்ந்து படிப்பது, மொழிப் படிப்பு. பிறகு வெளியே கிளம்பினால் இரவு 9, 9:30 வரை கதவு தட்டுவது, தெருவில் பேச்சுக் கொடுப்பது, வரச் சொன்னவர்களைப் போய்ப் பார்ப்பது. 10:30க்கு விளக்கணைப்பு. 2017க்குப் பிறகு நேரங்களில் கொஞ்சம் நெகிழ்வு வந்திருக்கிறது. சினிமா இல்லை, காதல் இல்லை. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள், துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு மெயில் எழுத. 2019 வரை வீட்டுக்குப் போன் பேசுவது வருடத்துக்கு இரண்டே முறை: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். அதன் பிறகுதான் வாராவாரம் பேசலாம் என்று தளர்த்தினார்கள்.

இன்னொரு வேடிக்கை, பதினெட்டு வயதுப் பையனுக்குப் பட்டம் "எல்டர்", அதாவது மூப்பர். பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவன்கூட "எல்டர் ஸ்மித்" என்றுதான் கூப்பிடுவான். இரண்டு வருடம் சொந்தப் பெயர் காணாமல் போய்விடும். டீயும் காபியும் கூடாது என்பதால், ஜப்பானில் ஒரு வீட்டுக்குள் அழைத்து உட்கார வைத்தாலே சங்கடம்தான். பாட்டி அன்போடு நீட்டும் கிரீன் டீயை மறுக்க வேண்டும், பார்லி டீயென்றால் குடிக்கலாம்.

இப்போது அந்த இரண்டு பேர். இயேசு சீடர்களை இருவர் இருவராக அனுப்பினார் என்று நற்செய்திகளில் வருவதுதான் இதற்கு ஆதாரம். நடைமுறையில், கூட்டாளி உங்கள் பார்வைக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். குளியலறை தவிர எங்கும் தனிமை இல்லை. எங்கள் தொழிலில் பேர் புரோகிராமிங் என்று ஒன்று உண்டு: இரண்டு பேர், ஒரே கம்ப்யூட்டர். நாலு மணி நேரத்தில் எனக்கு மூச்சு முட்டும். இங்கே 24 மணி நேரமும், நீங்கள் தேர்ந்தெடுக்காத ஆளோடு. சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் டிரான்ஸ்ஃபரில் ஆள் மாறலாம், மாறாமலும் போகலாம்.

இது பாதுகாப்பும்தான், கண்காணிப்பும்தான். முகத்தில் அறைந்தாற்போல் நாற்பது கதவு சாத்தப்பட்ட பிறகு பக்கத்தில் ஒருவன் நடந்து வருவது பெரிய ஆறுதல். பிரான்சில் 1966 முதல் 1968 வரை இருந்த மிட் ராம்னி, பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தல் வேட்பாளர், அங்கே மதம் மாறியவர்கள் மிகக் குறைவு என்று சொல்லியிருக்கிறார். ஒயின் ஊரில் போய்க் குடிக்காதே என்றால் யார் கேட்பார்கள்? அதே சமயம், விதியை மீறினால் பார்க்க ஒரு சாட்சி கூடவே இருக்கிறது. மனசு உடைந்தாலும் தனியாக உட்கார்ந்து அழ ஓர் இடம் இல்லை.

நான் இதில் கவலைப்படும் இடம் அதுதான். மன அழுத்தத்தால் எட்டாவது மாதத்தில் திரும்புகிறவன், ஊருக்குள் "ஏன் சீக்கிரம் வந்துட்டே?" என்ற கேள்வியைச் சந்திக்க வேண்டும். அவன் தங்கைக்கும் அந்தக் கேள்வி போகும். வெளியூர் போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே சேவை செய்யும் ஏற்பாட்டை இப்போது முறைப்படுத்தியிருக்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனாலும் ஊர்வாய் என்று ஒன்று இருக்கிறதே.

மதம் மாற்றுவது மட்டும்தான் நோக்கம் என்றால் இது படு திறனற்ற முறை. ஆனால் அந்த வயதுப் பையன் அந்நிய மொழியில் தினமும் தன் நம்பிக்கையைச் சொல்லிச் சொல்லி, கேலிக்குப் பதில் சொல்லி, தன்னையே அதில் கட்டிப் போட்டுக்கொள்கிறான். மொழியும் மிஞ்சுகிறது: தைவானில் மாண்டரின் கற்ற ஜான் ஹன்ட்ஸ்மன் 2009இல் சீனாவுக்கு அமெரிக்கத் தூதரானார்.

ஊழியம் முடிந்ததும் ஊர்த் தலைவர் முறைப்படி விடுவிப்பார், பேட்ஜ் கழற்றப்படும். அதற்குப் பிறகு சில நாட்கள், தனியாகக் கடைக்குக் கிளம்பும்போதுகூடக் கூட வர ஆளைத் தேடித் திரும்பிப் பார்த்தோம் என்று எழுதுகிறவர்கள் பலர்.