உங்களுக்குத் தெரியுமா? குற்றாலக் காற்றை லேப்டாப்பில் வீச வைக்கலாம்!

தென்காசிப் பக்கத்து இன்ஜினீயரிங் மாணவரா நீங்கள்? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எந்த ஏரோடைனமிக்ஸ் மென்பொருள் என்று குழப்பமா? தேடித் தேடிச் சேர்த்திருக்கிறோம். ஒவ்வொன்றும் முத்து!

காற்றோட்டத்தைச் சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. முப்பரிமாணத்தில் அவற்றுக்கு எப்போதும் சீரான தீர்வு உண்டா? நிரூபித்தால் 10 லட்சம் டாலர் பரிசு! கிளே கணித நிறுவனம் 2000-ல் அறிவித்தது. இன்றுவரை யாரும் வாங்கவில்லை!

அந்தச் சமன்பாடுகளைக் கணினியில் தோராயமாகத் தீர்க்கும் மென்பொருள் ஓப்பன்ஃபோம். லண்டன் இம்பீரியல் காலேஜில் பிறந்தது. 2004-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கார் கம்பெனிகள் பயன்படுத்துவதும் இதைத்தான், நீங்கள் இறக்கிக்கொள்ளப்போவதும் இதைத்தான். லைசென்ஸ் கட்டணம்? 0 ரூபாய்!

ஃப்ளூயன்ட் மென்பொருள் 1983-லிருந்து இருக்கிறது! 2006-ல் ஆன்சிஸ் வாங்கியது. அந்த ஆன்சிஸையே 2025 ஜூலையில் சினாப்சிஸ் வாங்கிவிட்டது. பேசிய விலை 3,500 கோடி டாலர்! ஃப்ளூயன்ட்டின் மாணவர் பதிப்பு உங்களுக்கு இலவசம்!

ஆனால் அதில் ஒரு பூட்டு உண்டு. பல ஆண்டுகள் 5,12,000 கட்டங்களுக்கு மேல் மெஷ் போட முடியாமல் இருந்தது. அம்மாடி, அத்தனையா என்று தோன்றுகிறதா? நீளத்துக்கு 80, அகலத்துக்கு 80, உயரத்துக்கு 80. பெருக்கிப் பாருங்கள். தீர்ந்தது! புதிய பதிப்புகளில் வரம்பைக் கூட்டியிருக்கிறார்கள். ஓப்பன்ஃபோமில் வரம்பே கிடையாது. உங்கள் லேப்டாப்தான் எல்லை!

மெஷ்ஷைப் பாதியாகச் சிறிதாக்கினால் வேலை இரண்டு மடங்குதானே? இல்லை! மூன்று திசையிலும் பாதியானால் கட்டங்கள் 8 மடங்கு!

காலால் பெடல் மிதித்தே ஒருவர் கிரீஸில் கடல்மேல் பறந்தார். 1988-ல், 115 கிலோமீட்டர்! விமானத்தின் பெயர் டீடலஸ். அதற்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் மார்க் ட்ரேலா எழுதிய இறக்கைக் கணக்கு மென்பொருள்தான் எக்ஸ்ஃபாயில். இன்றும் இலவசம். சாதாரண லேப்டாப்பில் ஒரு ஏர்ஃபாயிலைச் சில நொடிகளில் அலசிவிடும்!

ஏரோமாடல் செய்கிறீர்களா? 30 செ.மீ. அகல இறக்கை, நொடிக்கு 15 மீட்டர் வேகம். ரெனால்ட்ஸ் எண் வெறும் 3 லட்சம்! பயணிகள் விமானத்துக்கோ அது கோடிகளில் ஓடும். சின்ன விமானத்துக்கென்றே எழுதப்பட்டது எக்ஸ்.எஃப்.எல்.ஆர்.5. முதல் ஏரோமாடலுக்கு எங்கள் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு இதற்கே!

இறக்கை வடிவத்தை நீங்கள் கண்டுபிடிக்கவே வேண்டாம். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் சேர்த்து வைத்திருக்கிறது. எத்தனை? 1,600-க்கு மேல்!

செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சீறி வரும் காற்றில்தான் ஆலங்குளம், சுரண்டைக் காற்றாலைகள் சுற்றுகின்றன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் 8 மடங்கு! அந்த இறக்கைகளை வடிவமைக்கத் தனி மென்பொருளே உண்டு. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்த க்யூபிளேட். அதற்கும் இலவசப் பதிப்பு உண்டு!

குற்றாலப் பேரருவித் தண்ணீர் நேராக உங்கள் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்ற பள்ளம் தாங்கிக்கொள்கிறது! அது மட்டும் இல்லாவிட்டால்? 60 மீட்டர் வீழ்ச்சி, காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டோம். மணிக்கு 123 கிலோமீட்டர்! தண்ணீரும் காற்றும் கலந்த ஓட்டத்துக்கென்றே ஓப்பன்ஃபோமில் இன்டர்ஃபோம் என்று ஒரு சால்வர் இருக்கிறது. குளித்துவிட்டு வந்து ஓட்டிப் பாருங்கள்!

இப்போது எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நுழைந்திருக்கிறீர்களா? முதலில் காற்று எதிரே வந்து தள்ளும், பாதி தாண்டியதும் முதுகில் தள்ளும் என்பார்கள் ஊர்க்காரர்கள். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில். சிதைந்து நின்ற கோபுரத்தை 1990-ல் மீண்டும் கட்டி முடித்தார்கள். ஒன்பது நிலை, 170 அடிக்கு மேல் உயரம்! வாசலை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கையடக்கக் காற்றுமானியால் நாலைந்து இடத்தில் வேகம் பாருங்கள். ஓப்பன்ஃபோமில் அதே வாசலை வரைந்து காற்றை விடுங்கள். கணினி சொல்வதும் காற்றுமானி சொல்வதும் ஒத்துப்போகிறதா? ரெடிமேட் கார் படத்தை ஓட்டிக் கலர் கலராகக் காட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு அருமையான ப்ராஜெக்ட்!

மென்பொருளே இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? 1950-களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஐந்து மாணவர்களுக்கு ஒரு ப்ராஜெக்ட். தாழப் பறக்கும் தாக்குதல் விமானம். ஏரோடைனமிக்ஸ் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் ராமேஸ்வரத்துப் பையன். வரைபடம் பேராசிரியர் சீனிவாசனுக்குத் திருப்தியில்லை. முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தம் என்றுவிட்டார். தூக்கத்தை விட்டு வரைபலகையில் உட்கார்ந்து முடித்தார் மாணவர். கெடு எத்தனை நாள் தெரியுமா? 3 நாள்! மாணவர் பெயர் அப்துல் கலாம்!

2012 ஜனவரி மாணவர்களுக்குப் பொங்கல் பரிசு! ஸ்டான்ஃபோர்டின் எஸ்.யு.2, நாசாவின் ஓப்பன் வி.எஸ்.பி. என்ற இரண்டு மென்பொருள்களும் அந்த மாதமே இலவசமாகத் திறக்கப்பட்டன!

மத்தளம்பாறைச் சாரலில் உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறது ஸோஹோ. 2024-ல் அது முதலீடு செய்த நிறுவனங்களில் ஒன்று ட்ரோன் கம்பெனி! தஞ்சாவூரின் யாளி ஏரோஸ்பேஸ். அவசர மருந்து சுமக்கும் அந்த ட்ரோனுக்கு அறிவித்த தூரம் 150 கிலோமீட்டர்!

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம். அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் சொந்தமாகவே காற்றியக்க மென்பொருள் எழுதிவிட்டது. பெயர் பிரவாஹா. ககன்யான் ராக்கெட்டுக்கே அதில்தான் கணக்கு! 2011-லேயே அங்கே நிறுவிய சூப்பர் கம்ப்யூட்டர் சாகா-220. வேகம் நொடிக்கு 220 லட்சம் கோடி கணக்கு!

கடைசியாக ஒன்று. ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாசி திட்டத்தில் ஓப்பன்ஃபோம் கேஸ் ஸ்டடி செய்து கொடுக்கலாம். தேர்வானால் சான்றிதழ் மட்டுமா? மதிப்பூதியமும் உண்டு!