உஷார்! உங்கள் டிஜிட்டல் கையெழுத்து யார் டிராயரில் கிடக்கிறது?

திருப்பூர் பனியன் முதலாளிகளே, உங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது? "ஆடிட்டர் ஆபீஸ்ல கொடுத்து வெச்சிருக்கேனுங்க" என்பது பதிலானால், வேலையைப் போட்டுவிட்டு இன்றே போய் வாங்கி வாருங்கள். பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதி டோக்கன் முதுகிலேயே ஒட்டிக் கொடுத்திருந்தால், ஆபத்து இன்னும் பெரிது.

பேனாக் கையெழுத்தை இன்னொருவர் போட்டால் சுழிவு, அழுத்தம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். டோக்கனில் அந்த வழியே கிடையாது. யார் சொருகினாலும் கணினிக்கு அது நீங்கள்தான். சட்டமும் உங்களைத்தான் பிடிக்கும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 42-ஐப் படித்துப் பாருங்கள். டோக்கனுக்குள் இருக்கும் ரகசியச் சாவியைக் காப்பது உங்கள் பொறுப்பு. அது கைமாறியது தெரிந்தால், சான்றிதழ் தந்த நிறுவனத்துக்கு உடனே சொல்லவேண்டும். சொல்லும்வரை பொறுப்பு உங்கள் தலையில்.

ஏற்றுமதியாளர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். ஆயத்த ஆடைக்குக் கிடைக்கும் ஆர்ஓஎஸ்சிடிஎல் (மத்திய, மாநில வரிகளைத் திருப்பித் தரும்) சலுகை இப்போது காகிதமாக வருவதில்லை. சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் உங்கள் கணக்கில் மின் ஸ்கிரிப்பாக (வரவுச் சீட்டாக) ஏறுகிறது. அதை இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியும். லாகினும் டோக்கனும் ஒரே ஆளிடம் சிக்கினால், சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறிய பிறகு வரவேண்டிய பணம் சத்தமில்லாமல் போய்விடும். இரண்டையும் சேர்த்து யாரிடமும் தராதீர்கள், சொந்த மச்சானாக இருந்தாலும்!

"அப்புறம் வேலை எப்படிங்க நடக்கும்?" நடக்கும். சுங்க ஏஜென்ட் தன் சொந்தக் கையெழுத்திலேயே ஷிப்பிங் பில் தாக்கல் செய்யலாம். ஜிஎஸ்டியில் உங்கள் மேனேஜரை அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகச் சேர்த்து, அவர் பெயரிலேயே தனிச் சான்றிதழ் எடுத்துக் கொடுங்கள். அவரவர் செய்தது அவரவர் பெயரில் பதிவாகும்.

புதிதாக வாங்கும்போது வீடியோ சரிபார்ப்புக்கு நீங்களே கேமரா முன் உட்காருங்கள். போனில் வரும் ஓடிபியை ஏஜென்டுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். டோக்கன் கைக்கு வந்ததும், கூட வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். உள்ளே இருக்கும் ரகசியச் சாவியை வெளியே நகலெடுக்க முடியாதபடிதான் டோக்கனைச் செய்திருக்கிறார்கள். அதனால் இன்னொருவரிடம் கொடுத்து வைத்த டோக்கனைத் திரும்ப வாங்கிவிட்டால், முன்பு வைத்திருந்தவரால் அதைக்கொண்டு இனி கையெழுத்துப் போட முடியாது. கேட்டும் கொடுக்காமல் இழுத்தடிக்கிறாரா, தொலைந்துவிட்டது என்கிறாரா? சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல் சான்றிதழ் நிறுவனத்திடம் ரத்து செய்யச் சொல்லுங்கள். சொன்னதற்கு எழுத்தில் அத்தாட்சியும் வாங்கி வையுங்கள்.